ஐடி1-ஐத் துரத்திய மூன்று வாரம்

ஜூலை 3, 2024, புதன்

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் சித்தி யாரிடமோ, "எங்க பொண்ணு ஐடி-ல ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அந்த மாமா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓஎம்ஆர்லயாம்மா?" என்றார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நான் குப்பை கொட்டுவது ஐடி1 என்ற மனிதப் புரதத்தோடு, அதில் மொத்தம் 155 அமினோ அமிலங்கள்தான் என்று இலையைப் போட்டுவிட்டு எப்படி விளக்குவது?

இன்று செல்களைப் பட்டினி போட்டாயிற்று. எலியின் தசைச் செல்கள், சி2சி12. செல்லுக்கு ஊட்டமான வழக்கமான சீரம் இருக்கும்வரை பெருகிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட்டு 2 சதவீதக் குதிரைச் சீரம் ஊற்றினால் பெருகுவதை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி நீளமான தசைக் குழாய்களாகும். 'ஏ' தட்டில் வெறும் வெக்டர், அதாவது சரக்கில்லாமல் ஜீன் ஏற்றும் வண்டி மட்டும், ஏற்றிய செல்கள். 'பி' தட்டில் மனித ஐடி1 ஏற்றியவை.

ஜூலை 5, வெள்ளி

இரண்டு தட்டும் ஒரே மாதிரி. காலையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்க நேரமானதில் இன்குபேட்டர் 34 டிகிரிக்கு இறங்கிவிட்டது. கதவைத் திறக்காமல் வேண்டிக்கொண்டேன்.

ஜூலை 8, திங்கள்

'ஏ' தட்டு மைக்ராஸ்கோப்பில் அழகு. ஆற்றில் மிதந்துபோகும் கோரைப்புல் மாதிரி எல்லாம் ஒரே திசையில் நீண்டு கிடக்கின்றன. ஒரு குழாய்க்குள் மட்டும் ஒன்பது உட்கரு எண்ணினேன், சங்கிலியில் கோத்த மணிபோல. 'பி' தட்டில் ஐந்து நாளுக்கு அப்புறமும் தனித்தனிச் செல்கள்தான். எதுவும் சாகவில்லை. சேர மட்டும் மாட்டேன் என்கின்றன.

மேடம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. வெஸ்டர்ன்ல ஐடி1 காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

வெஸ்டர்ன் போட்டேன்: புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி (அதுதான் டிரான்ஸ்ஃபர்), வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் அதைப் பேண்டாக, ஒரு கோடாகக் காட்டும் சோதனை. பேண்ட் இல்லை. ஒப்பிட வைத்த ஆக்டின் புரதம் பளிச்சென்று வந்திருக்கிறது, ஐடி1 வரவேண்டிய இடம் வெள்ளை.

ஜூலை 11, வியாழன்

மறுபடியும் வெள்ளை. ஆன்டிபாடியை இரண்டு மடங்கு போட்டதில் சம்பந்தமே இல்லாத உயரத்தில் ஒரு தடித்த பேண்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜூனியர் தம்பி ஆசையாக, "அக்கா, இதுதானோ?" என்றான். இதை நம்பிப் பேப்பர் எழுதினால் நாளைக்கு நாம்தான் தலைகுனிய வேண்டும் என்றேன்.

மனசு ஆற, ஐடி பற்றி 1990-இல் வந்த மூலக் கட்டுரையை மறுபடி படித்தேன். சியாட்டில், ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம். ஹெரால்ட் வெய்ன்ட்ராபின் குழு 1987-இலேயே மையோ-டி என்ற புரதத்தைக் கண்டுபிடித்திருந்தது. சாதாரண இணைப்புத் திசுச் செல்லுக்குள் அதை நுழைத்தால் அது தசைச் செல்லாக மாறிவிடும். அடுத்து, அப்படிப்பட்ட புரதத்தை அடக்குவது எது? அந்த ஆய்வகத்திலிருந்த ராபர்ட் பெனெஸ்ராவும் கூட்டாளிகளும் பிடித்த ஆள்தான் ஐடி. டிஎன்ஏ-வில் ஒட்டுவதைத் தடுப்பது என்பதால் அந்தப் பெயர். அதே 1990-இல் பழ ஈக்காரர்களும் தங்கள் பக்கத்திலிருந்து அதன் பங்காளியைப் பிடித்திருந்தார்கள். அது குறைந்தால் ஈயின் உடம்பில் இருக்கவேண்டியதைவிட அதிகமாக முள்மயிர் முளைக்கும்.

வெய்ன்ட்ராப் 1995-இல் மூளைப் புற்றுநோயில் இறந்தார், 49 வயது. கிளையோபிளாஸ்டோமா. அந்தப் புற்றைத் தொடங்கிவைக்கும் செல்களில் ஐடி1 மிகுந்திருப்பதைப் பின்னாளில் வேறு குழு காட்டியது. இதைப் படித்தபின் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வீடு. அம்மா பால் பாத்திரத்தை இடுக்கியால் இறக்கும்போது அது நழுவி அடுப்பெல்லாம் பால். இடுக்கியைக் கழுவும்போது பார்த்தேன்: ஒரு பக்கத்து உதடு தேய்ந்தே போயிருக்கிறது. அச்சாணி கெட்டி, கைப்பிடி கெட்டி, பாத்திர விளிம்பைக் கவ்வ மட்டும் ஒன்றுமில்லை.

"அம்மா, என் ஆராய்ச்சி இதுதான்" என்றேன். முறைத்தாள். ஆனாலும் சொன்னேன். மையோ-டி தனியாக டிஎன்ஏ-வைப் பிடிக்காது. ஈ47 என்ற புரதம் மாதிரி ஒரு ஜோடி வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒரு இடுக்கி. அது கவ்வுகிற இடம் ஆறெழுத்து: சி, ஏ, நடுவில் எதுவானாலும் இரண்டு, அப்புறம் டி, ஜி. ஒவ்வொரு கைக்கும் இரண்டு உறுப்பு உண்டு. ஒன்று ஜோடியோடு பூட்டிக்கொள்ள, மற்றொன்று டிஎன்ஏ-வைக் கவ்வ. ஐடி-யிடம் பூட்டிக்கொள்ளும் உறுப்பு இருக்கிறது, கவ்வும் உறுப்பு கிடையாது. அது போய் ஈ47-ஐப் பூட்டிக்கொண்டால் அந்த இடுக்கி எதையும் தூக்காது. மையோ-டி ஜோடியில்லாமல் நிற்கும்.

"அப்ப தூக்கிப் போடவேண்டிய சாமான்தானே அது? உடம்பு ஏன் வெச்சிருக்கு?" என்றாள் அம்மா.

என் கமிட்டியில்கூட யாரும் இதைக் கேட்கவில்லை. 1999-இல் ஐடி1, அதன் பங்காளி ஐடி3 இரண்டையும் நீக்கிய எலிகளைப் பெனெஸ்ரா குழு உண்டாக்கியது. அவை கருவிலேயே, மூளையில் ரத்தம் கசிந்து இறந்தன. மூளைச் செல்கள் போதிய அளவு பெருகுமுன்பே முதிர்ந்துவிட்டன, ரத்தக் குழாய்களும் சரியாக அமையவில்லை. தடுக்க ஆளில்லாமல் எல்லாம் அவசரப்பட்டுவிட்டன. பிஞ்சிலே பழுத்ததுன்னு சொல்லு என்றாள் அம்மா. தீசிஸ் முன்னுரையில் நான் மூன்று பத்தி வளர்த்த விஷயம்.

எனக்கொரு குறை உண்டு. செமினார்களில் ஐடி-யை ஸ்விட்ச் என்கிறார்கள். ஸ்விட்ச் இல்லை, ஆள் கணக்கு. செல்லுக்குள் உதடில்லாத கை எத்தனை, உதடுள்ள கை எத்தனை என்பதுதான் விஷயம். சீரத்தை எடுத்ததும் ஐடி-யின் அளவு இறங்கும், ஈ47-க்கு விடுதலை, தசை தொடங்கும். 'பி' தட்டில் நான் ஐடி1-ஐ இறங்கவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்.

அப்படி ஊற்றுகிற புரதம் பேண்டில் ஏன் தெரியவில்லை?

ஜூலை 16, செவ்வாய்

தெரிந்துவிட்டது, பாதி. ஐடி1 சுமார் 16 கிலோடால்டன், பொடி. நான் 0.45 மைக்ரான் மெம்பிரேனில் ராத்திரி முழுக்க டிரான்ஸ்ஃபர் விட்டிருக்கிறேன். பெரிய புரதமெல்லாம் தங்கும், இது ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய்விடும். ரவை சல்லடையில் மாவு சலித்த கதை. இன்று பின்னால் இன்னொரு மெம்பிரேன் வைத்து, எல்லாப் புரதத்துக்கும் நிறமேற்றும் பான்சோ சிவப்பு ஊற்றினேன். சின்னப் புரதங்கள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

0.2 மைக்ரான், 15 சதவீத ஜெல், டிரான்ஸ்ஃபர் ஒரு மணி நேரம். லேசான நிழல்.

ஜூலை 19, வெள்ளி

மீதிப் பாதி. ஐடி1 செல்லுக்குள் நிலைத்திருப்பதே இல்லை. பாதி அழிய ஒரு மணி நேரம்கூட ஆகாது. யுபிக்விட்டின் முத்திரை குத்தி புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரத்துக்குள் தள்ளிவிடுகிறது செல். ஈ47-ஓடு பூட்டிக்கொண்டவை மட்டும் சற்று அதிக நேரம் தாங்கும். நானோ செல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவள்.

இனி ஐஸ் மேலேயே எல்லாம். அரவை இயந்திரத்தை நிறுத்த எம்ஜி132 என்ற மருந்து, 10 மைக்ரோமோலார், நான்கு மணி நேரம். மருந்து இல்லாத தட்டும் பக்கத்திலேயே.

ஜூலை 23, செவ்வாய்

வந்துவிட்டது. 'பி', மருந்து போட்ட லேன்: கருகருவென்று, சரியான உயரத்தில். மருந்து இல்லாத லேனில் மெலிசாக, ஆனால் இருக்கிறது. அறையில் வேறு யாரும் இல்லாததால் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்ளோ சின்னதா அக்கா?"

'ஏ' லேனிலும் மருந்து போட்டபோது ஒரு மங்கல் தெரிகிறது. எலியின் சொந்த ஐடி1, அரவை நின்றதும் தலைகாட்டியிருக்க வேண்டும். மேடம் கண் முதலில் அங்கேதான் போனது. "இந்த ஆன்டிபாடி எலியையும் பிடிக்குது. அப்ப 'பி'-ல இருக்கிறது எல்லாம் மனுஷனோடதுன்னு எப்படிச் சொல்லுவ?" மனித ஐடி1 கட்டுமானத்தில் அடையாளத்துக்கு ஒரு டேக் சேர்த்து முதலிலிருந்து செய்யவேண்டும். அதைப் போன வருஷமே யோசித்திருக்கலாம். அது வரும்வரை இதே பேண்ட் இன்னும் இரண்டு தடவை வந்தாக வேண்டும். எம்ஜி132 குப்பியின் அடியில் பார்த்தேன், பத்து மைக்ரோலிட்டர்கூடத் தேறாது. நாளை காலை முதல் வேலை இண்டென்ட் போடுவது.