கரண்ட் இல்லாத கச்சேரி: 2025 பெப்ரவரி நாட்குறிப்பு

2 பெப்ரவரி, ஞாயிறு

நிலாவெளியில் வரவேற்பு முடிந்து வீடு வந்துசேர இரவு ஒரு மணி. வானுக்குள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தபோது, புதிதாகச் சேர்ந்த ரிதம் பேட் தம்பி கேட்டான். பத்தொன்பது வயது. "அண்ணை, மேடையில உங்களுக்கு மறக்கவே ஏலாத நாள் எது?"

இருபத்திரண்டு வருடமாகக் கீபோர்ட் வாசிக்கிறேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. பேஸ் கிட்டார் மச்சான் முந்திக்கொண்டான். எங்கள் திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு புத்தாண்டு நிகழ்ச்சியாம். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று மேடைக்குப் பின்னால் வந்து பாட்டு லிஸ்ட்டைத் தின்றுவிட்டதாம். "பதினாலு பாட்டு, ஓர்டரோட. அதுக்குப் பிறகு நினைவில வந்ததைத்தான் அடிச்சம்." எங்கள் ஊர் மான்களைத் தெரியாதவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தெரிந்தவர்கள், லிஸ்ட்டோடு விட்டதே என்று சந்தோசப்படுவார்கள்.

5 பெப்ரவரி, புதன்

கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. பின்னேரம் தவில் அண்ணர் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு ஒரே கலியாணத்தில் இரண்டு பகுதிக்கும் வேலை. முகூர்த்தத்துக்கு அவர்களின் மேளம், சாப்பாட்டு நேரம் எங்கள் பாட்டு. நேரம் பேசப் போனதாகத்தான் பெயர்.

அண்ணர் விறாந்தையில் இருந்து கூடு செய்துகொண்டிருந்தார். தவிலின் வலந்தலையை அடிக்கும் விரல்களில் மாட்டுவதுதான் கூடு. துணிக் கீலத்தைப் பசையில் தோய்த்து விரல் பருமனுக்குச் சுற்றிக் காயவிட வேண்டும். காய்ந்தால் கல். ஜன்னல் கம்பியில் ஐந்தாறு கூடுகள் ஈரம் விடாமல் தொங்கின. "வாடைக் காத்து நிக்கும்வரைக்கும் ஒண்டும் காயாது தம்பி" என்றார்.

கேட்டேன். யோசிக்கவே இல்லை. தொண்ணூறுகளில் தம்பலகாமம் கோணேசர் கோயில் திருவிழாவில் வாசித்துவிட்டு வரும்போது வழியில் சென்றி, காவலரண். தவில் உறையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார்கள். காற்று என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். நம்பவில்லை. அடித்துக் காட்டச் சொன்னார்கள். றோட்டில் நின்றபடியே தோளில் மாட்டித் தொடங்கியவருக்குப் பயத்தில் நிறுத்தத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், காவலுக்கு நின்ற பெடியன் மணல் மூட்டையில் ஒரு கையால் தட்டத் தொடங்கினானாம்.

"சரியாத் தட்டினவனோ?"

"ஒரு இடத்திலயும் விடேல்ல."

அண்ணர் எந்தக் கதைக்கும் உப்புக் கொஞ்சம் கூடத்தான் போடுவார். ஆனால் உறையைக் கழற்றியதைச் சொல்லும்போது அவர் விரல்கள் மடியில் கிடந்த துணியில் இல்லாத முடிச்சைத் தேடி அவிழ்த்தன. அதை நான் பார்த்தேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

கை இன்னும் சிவந்து கிடக்கிறது. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளம் முடிந்து நாதஸ்வர ஐயா ஊதுவாயான சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மேடையில் வயர் கொழுவி, "ஹலோ மைக் டெஸ்டிங்" வரைக்கும் வந்துவிட்டோம். பதினொன்றரை மட்டில் எல்லாம் போனது. ஃபேன், லைட், மைக், என் கீபோர்ட். மண்டபத்து ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மண்டபக்காரர் டீசல் வாங்க ஆள் அனுப்பினார். போன ஆள், நாடு முழுக்கவே கரண்ட் இல்லையாம் என்ற செய்தியைக் கொண்டுவந்தான். டீசல் கொண்டுவரவில்லை.

நானூறு பேர் இருக்கும். பட்டுச்சேலை, வேர்வை, அழுகிற குழந்தைகள். பெண்ணின் தகப்பன் என்னைப் பார்த்தார். நான் என் கீபோர்ட்டைப் பார்த்தேன். கறுத்த பலகை. கரண்ட் இல்லாவிட்டால் அதில் மீன் வெட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

அவர் ஐயாவிடம் போனார். ஐயாவுக்கு எழுபது கடந்துவிட்டது. விடிய ஆறு மணியிலிருந்து ஊதியிருக்கிறார். ஒரு சோடா கேட்டார். குடித்துவிட்டு, துடைத்த சீவாளியைத் திரும்ப மாட்டினார்.

மோகன ராகத்தில் தொடங்கினார். முதல் ஐந்து நிமிடம் சனம் தன்பாட்டில் கதைத்தது. பிறகு குறைந்தது. மைக் இல்லாத நாதஸ்வரத்தை இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கலியாணவீட்டில் எப்போதும் அது ஸ்பீக்கருக்குள்ளால் இரைந்துகொண்டுதான் வரும். நாமும் காதைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவோம். இன்றைக்கு மூச்சு எடுக்கிற இடம்கூடக் கேட்டது.

தாளம் போடுகிற பெடியன் முகூர்த்தம் முடிந்ததும் வேறு கோயிலுக்குப் போய்விட்டான். அண்ணர் கைத்தாளத்தை என் கையில் வைத்தார். "சும்மாதானே நிக்கிறாய், போடு." ஆதி தாளம் தூக்கத்திலும் போடுவேன். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் அண்ணர் ஐந்தைந்தாக ஓடுகிற கண்ட நடைக்குப் போனதும் என் கை தாளத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடியது. அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், கை திரும்ப வந்து இருந்த இடத்தில் இருந்துகொண்டது.

பிறகு எங்கள் பாட்டுக்காரப் பிள்ளையைப் பாடச் சொன்னார்கள். பிள்ளையின் சுருதி அஞ்சரைக் கட்டை. ஐயாவின் நாதஸ்வரம் ரெண்டரை. பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தது. ரெண்டரையின் மத்திமம் அஞ்சரைதான், ஐயா அந்த 'ம'வைச் 'ச'வாக வைத்து ஊதினால் சரி என்று சொன்னேன். ஐயா தலையாட்டினார். நான் இன்று செய்த கீபோர்ட் வேலை அந்தக் கணக்கு ஒன்றுதான். ஐயா எழுந்து ஜன்னலடிக்குப் போய், வெளிப்பக்கம் பார்த்து மெதுவாக ஊதினார். அண்ணர் கழியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டையும் கழற்றி, வெறும் விரலால் தட்டினார். பிள்ளை ஒரு பழைய அம்மன் பாட்டைப் பாடியது. கடைசி வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். கதிரை இழுபட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவ்வளவு அமைதி.

கரண்ட் வர முன்னமே பந்தி முடிந்துவிட்டது. வந்தபோது ஃபேன் சுற்றியது, ஸ்பீக்கர் 'டம்' என்றது, சனம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை. ஃபேனுக்காகத்தான் இருக்கும்.

10 பெப்ரவரி, திங்கள்

பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில்தான் நாடே இருண்டதாக அமைச்சர் சொல்லியிருக்கிறார். நுரைச்சோலை மின்பிறப்பாக்கிகளும் நின்றுவிட்டதால் இன்றும் நாளையும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. முன்பு ஒரு குரங்கு இலங்கையை எரித்தது, இப்போது ஒன்று அணைத்தது என்ற பகிடியை இன்றைக்கு மட்டும் ஏழு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஏழாவது ஆள் அண்ணர். அவருக்கு மட்டும் சிரித்தேன்.

11 பெப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். மேளகாரருக்கு ஓட்டம், எங்களுக்கு ஓய்வு.

16 பெப்ரவரி, ஞாயிறு

கிண்ணியாவில் ஒரு பிறந்தநாள். அங்கே எங்களுக்கு முந்திய தலைமுறையில் தபேலா வாசித்த நானாவைப் பார்த்தேன். இப்போது கடை வைத்திருக்கிறார். பிளேன்டீ தந்தார். கேள்வியைக் கேட்டதும் பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

396 மீட்டர் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் பாதை என்கிற மிதவையில்தான் ஆட்களும் வாகனமும் கடக்க வேண்டும். ஒரு கலியாணத்துக்குப் போகும்போது நடுத்துறையில் பாதை நின்றுவிட்டது. தூறல் வேறு. தபேலாவுக்கு ஈரம் பட்டால் கதை முடிந்தது; சேட்டைக் கழற்றிச் சுற்றியிருக்கிறார். வெறும் மேலோடு இருந்தவரைப் பார்த்துச் சனம் பாட்டுக் கேட்டிருக்கிறது. ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறந்தார். நானா சுற்றிய சேட்டை அவிழ்க்கவில்லை. சேட்டுக்கு மேலேயே வாசித்தாராம்.

என்ன பாட்டு என்று கேட்டேன். நினைவில்லை. "ஒரு கண்டுக்குட்டி நிண்டது தம்பி. அது மட்டும் நல்லா ஞாபகம். பாட்டு எடுக்கிற இடம் பாத்துக் கத்தும்."

26 பெப்ரவரி, புதன்

சிவராத்திரி. பிள்ளைகளின் தேவாரத்துக்குச் சுருதி பிடிக்க மலைமேல் கோணேசர் கோயிலடிக்குப் போனேன். காற்று அடிக்கிற அடியில் மைக்கில் கடல்தான் அதிகம் கேட்டது. சம்பந்தரின் கோணமலைப் பதிகத்துக்குப் பண் புறநீர்மை. பிள்ளைகள் அதற்கு ஈடான, விடியற்கால ராகமான பூபாளத்தில் பாடினார்கள். நடுச்சாமத்தில் பூபாளம் கேட்டு, விடிந்துவிட்டதோ என்று இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்தேன். சம்பந்தர் இந்த மலைக்கு வரவே இல்லை, இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. எங்கள் ஊரின் மிகப் பழைய பாட்டே நேரடி நிகழ்ச்சி இல்லை!

இறங்கி வரும்போது கோட்டைக்குள் ரிதம் பேட் தம்பி விடாமல் பிடித்தான். "எல்லாரையும் கேட்டியள், உங்கட நாளைச் சொல்லேல்லையே?"

ஒன்பதாம் தேதி என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் வாசிக்கவே இல்லையே அண்ணை."

"தாளம் போட்டனான்."

"அதையும் விட்டியள்."

பார்த்திருக்கிறான்.

28 பெப்ரவரி, வெள்ளி

அண்ணர் கோல் எடுத்தார். தாளம் போடுகிற பெடியன் கொழும்புக்கு வேலைக்குப் போகிறானாம். "வாற ஞாயிறு ஆளில்லை. வாறியோ? கண்ட நடை போகமாட்டன்."

போங்கோ, பரவாயில்லை என்றேன். கலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெறுமையாகத்தான் இருக்கிறது. பின்னேரம் வந்து பழகட்டாம்.