பூக்கட்டிப் பார்ப்பதற்கு முன்

ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ, இரண்டு வாழையிலைத் துண்டு, கொஞ்சம் நார், விஷயம் தெரியாத ஒரு குழந்தை. பூக்கட்டிப் பார்க்க இவ்வளவு போதும். பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைத்து, குழந்தை எடுக்கிற நிறத்தைப் பதிலாகக் கொள்வது, பல வீடுகளில் வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். வரன், வேலை மாற்றம், வீடு, வெளியூர்ப் பயணம் என்று எதுவானாலும் கடைசி வார்த்தையைச் சாமியிடம் விட்டுவிடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றைக்கும் ஏராளம். சில ஊரில் பூக் கேட்கிறது என்பார்கள். சில வீட்டில் திருவுளச் சீட்டு. இன்னும் சில வீட்டில் பூவுக்குப் பதில் விபூதிப் பொட்டலமும் குங்குமப் பொட்டலமும்.

பூ பொய்த்துவிட்டது என்று பின்னால் வருத்தப்படுகிறவர்களிடம் எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் கேட்ட விதத்திலேயே ஓட்டை இருக்கும்.

முதல் ஓட்டை கேள்வியில். "என் வாழ்க்கை நல்லா இருக்குமா தாயே?" என்று கேட்டு வெள்ளை வந்தால் சந்தோஷம்தான், ஆனால் மறுநாள் காலையில் எழுந்து செய்ய ஒன்றும் இருக்காது. "கோயம்புத்தூர் வேலைக்கு வெள்ளிக்கிழமைக்குள் சரி சொல்லலாமா?" என்று கேளுங்கள். செய்யப்போவது கேட்கிறவராக இருக்கவேண்டும், அதற்கு ஒரு கெடு இருக்கவேண்டும். இரண்டையும்விட முக்கியமானது, எந்தப் பூ வந்தாலும் உங்களால் தாங்க முடியவேண்டும். சிவப்பு வந்தால் தூக்கம் போய்விடும் என்று இப்போதே தெரிந்தால் பொட்டலம் கட்டாதீர்கள். நீங்கள் முடிவெடுத்தாகிவிட்டது, சாமியிடம் கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள்.

சீட்டுக்கு முன் சல்லடை என்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையின் குழுக்களான வாரியங்களுக்குச் சீட்டெடுத்து ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. குடத்தில் ஓலை போடுவதற்கு முன்பே பெரிய வடிகட்டல் நடந்துவிடும். வயது 35க்கு மேல் 70க்குள், கால்வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஓலையில் ஏறவே ஏறாது. இதையெல்லாம் தாண்டி நின்ற பெயர்களுக்குத்தான் குடம். ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! தெய்வத்தின் மேல் சந்தேகம் இல்லாதவர்களுக்கு மனிதக் கையின் மேல் மட்டும் நல்ல சந்தேகம் இருந்திருக்கிறது.

அந்தச் சந்தேகத்தோடுதான் பொட்டலமும் கட்டவேண்டும்.

பலரும் வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்குச் செம்பருத்தி எடுக்கிறார்கள். மல்லி இலைக்குள் இருந்தாலும் மணக்கும். செம்பருத்தி பொட்டலத்தை உப்பவைக்கும். எடுக்கிற கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். அரளியிலேயே வெள்ளையும் சிவப்பும் கிடைக்கிறது. ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே எடை. ஒரு பொட்டலத்துக்கு இரண்டு பூ, காம்பு கிள்ளியது. ஆனால் அரளி நஞ்சு, குழந்தை கையில் பூவாகக் கொடுக்காதீர்கள். பொட்டலத்தைத் தொட்டதோடு சரி, பிரிப்பது பெரியவர்கள் வேலை. கைக்குழந்தை வாயில் வைக்கும் என்றால் அரளியே வேண்டாம், சிவப்பு ரோஜா இதழும் வெள்ளை ரோஜா இதழும் நான்கு நான்கு போதும்.

சுற்றுவதற்கு நாளிதழ்த் தாள் ஆகாது, ஈரம் பட்டால் சிவப்பு வெளியே தெரியும். குங்குமப் பொட்டலத்துக்கும் இதே வியாதி, கட்டியவர் விரலிலேயே சாயம் ஒட்டி அடுத்த பொட்டலத்திலும் ஏறிவிடும். வாழையிலையைச் சாண் அளவில் இரண்டு துண்டாக, ஒரே இலையின் ஒரே பக்கத்திலிருந்து கிழித்துக்கொள்ளுங்கள். துளிர் இலை மடித்தால் கிழியும், முற்றிய இலை முறியும். நடுத்தர இலையை அனலில் லேசாக வாட்டினால் துணி மாதிரி மடியும். நான்கு மடிப்பு, நாரால் இரண்டு சுற்று, ஒரே மாதிரி முடிச்சு. ஒன்றில் சுருக்கும் இன்னொன்றில் இரட்டை முடிச்சும் போட்டால் கட்டியவருக்கு எது எது என்று தெரியும். தெரிந்தால் அவர் கண் அங்கே போகும்.

கண்தான் பெரிய வில்லங்கம். நான்கைந்து வயதுக் குழந்தைக்குக் கேள்வி தெரியாவிட்டாலும் அம்மாவின் முகம் தெரியும். கை ஒரு பொட்டலத்தின் பக்கம் போகும்போது மூச்சை இழுத்துப் பிடித்தால் போதும், குழந்தை கையை மாற்றிக்கொள்ளும். அதனால் கட்டியவர் கட்டி முடித்ததும் அந்த அறையைவிட்டுப் போய்விடவேண்டும். தட்டில் குலுக்கி வைப்பது இன்னொருவர். கேள்விக்குச் சொந்தக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு இருக்கட்டும், பக்திக்கும் அது நல்லது. இரண்டு பொட்டலமும் குழந்தைக்குச் சமதூரத்தில் இருக்கவேண்டும். வலது கைக்குப் பக்கத்தில் இருப்பதை எடுக்கத்தான் கை முந்தும்.

எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதை முன்கூட்டியே இன்னொருவர் காதில் விழச் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் வெள்ளை உத்தரவு, சிவப்பு வேண்டாம். மங்கல காரியத்துக்குச் சிவப்புத்தான் உத்தரவு என்கிற வீடுகளும் உண்டு. பூ வந்தபிறகு இந்த விவாதம் ஆரம்பித்தால் முடியாது. சிலையின் மேல் பூவை ஒட்டவைத்து, வலப்பக்கம் விழுந்தால் சம்மதம் என்று பார்க்கும் கோயில்களிலும் இதே சிக்கல்தான். யாருடைய வலப்பக்கம்? சாமிக்கு வலது பார்க்கிறவருக்கு இடது. பூசாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அபிஷேகம் முடிந்த ஈரக் கல்லில் பூ அரைமணி நேரம்கூட ஒட்டிக்கொண்டு நிற்கும். அது தாமதமே ஒழிய, சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்விசிறி ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள்.

பிறகு, ஒரே தடவை. சிவப்பு வந்ததும் "மனசு சரியில்லாமல் கேட்டுட்டேன், இன்னொரு தடவை" என்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வெள்ளை வரும்வரை கேட்பதென்று இறங்கினால், மூன்று தடவைக்குள் ஒரு வெள்ளையாவது வர எட்டில் ஏழு வாய்ப்பு. ஐந்து தடவை என்றால் 32இல் 31. இதற்குப் பூ எதற்கு, நேரே சரி சொல்லிவிடலாம். மூன்றில் இரண்டு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் தப்பில்லை, வாய்ப்பு பாதிக்குப் பாதியாகவே இருக்கும். மூன்றும் வெள்ளையாக வந்தால்தான் என்று வைத்தால் எட்டில் ஒன்று. அப்படி வைக்கிறவருக்கு அந்த வரன் பிடிக்கவில்லை என்று நான் பந்தயம் கட்டுவேன்.

உள்மனசு பேசுவதும் இங்கேதான். பொட்டலத்தைப் பிரிக்கும்போது, நிறம் கண்ணில் படும் அந்த நொடியில், "அப்பாடா" என்கிறதா, வயிற்றில் கல் விழுகிறதா? அதைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால் பூவைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆறு மாதமாகக் கூட்டிக் கழித்தும் தெரியாதது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். சாமி பூவில் பேசவில்லை, உங்கள் வயிற்றில் பேசியது என்று ஒரு பக்தர் சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் வயிற்றை எல்லாவற்றுக்கும் நம்பமுடியாது. அமெரிக்காவின் அயோவாவில் மூளை ஆய்வாளர் அன்டோனியோ டமாசியோவின் குழு ஒரு சீட்டு விளையாட்டுச் சோதனை நடத்தியது, முடிவு 1997இல் வந்தது. நான்கு கட்டுகள். இரண்டில் பெரிய லாபமும் அதைவிடப் பெரிய நஷ்டமும், மற்ற இரண்டில் சின்ன லாபமும் அதைவிடச் சின்ன நஷ்டமும். சுமார் 10 சீட்டு எடுத்தபிறகே, கெட்ட கட்டின் பக்கம் கை போகும்போது உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்தது. ஏதோ சரியில்லை என்று வாயால் சொல்ல 50 சீட்டு ஆனது, ஏன் என்று விளக்க 80. உள்ளுணர்வு அறிவை முந்தியது என்று இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். முதல் சீட்டில் வியர்க்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. நாலு நஷ்டம் பட்டபிறகுதான் உடம்புக்கே தெரிந்தது.

உள்ளுணர்வை நம்பாத உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வைப் பல வருடம் ஆராய்ந்த கேரி கிளைனும் சேர்ந்து 2009இல் எழுதிய கட்டுரையும் இங்கேதான் வந்து நிற்கிறது. உள்ளுணர்வை நம்பவேண்டுமானால் விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்கவேண்டும், நீங்கள் அதில் பலமுறை அடிபட்டுச் சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்திருக்கவேண்டும். முப்பது வருடம் சந்தையில் நின்ற மாட்டுத் தரகர் பல்லைப் பார்க்கும் முன்பே "இது வேண்டாங்க" என்றால் கேளுங்கள். முதல் வீடு வாங்கப் போகிறவர் வாசலில் நின்று "மனசுக்குப் பட்டுச்சு" என்றால், பட்டது புதுப் பெயின்ட்டாகவும் இருக்கலாம். கல்யாணத்தை வாழ்க்கையில் பெரும்பாலோர் ஒருமுறை செய்கிறோம், அதில் யாருக்கும் தரகர் அனுபவம் வராது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்த அத்தைக்கு வேண்டுமானால் கொஞ்சம் வரும்.

பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் பூவுக்குப் பதில் நாணயம் சுண்டிப் பார்த்தார். வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று தத்தளித்தவர்கள் 20,000 பேருக்கு மேல் இணையத்தில் நாணயம் சுண்டினார்கள். பெரிய முடிவுகளில் "மாறு" என்று விழுந்து மாறியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, மாறாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். நாணயம் சுண்டும் அளவுக்குத் தத்தளித்தவர்கள் மட்டுமே அதில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நிம்மதியாக இருப்பவர் போய் வேலையை விட இது அத்தாட்சி ஆகாது.

பூ கேட்கக் கூடாத இடங்களும் உண்டு. தெரிந்துகொள்ள வழி இருக்கிற எதையும் சாமியிடம் கேட்காதீர்கள். மனையின் பெயரில் அடமானம் இருக்கிறதா என்பதற்குப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கவேண்டும். மார்பில் கட்டி என்றால் மருத்துவமனை. வீட்டில் நகை காணோம் என்று வேலைக்கார அம்மா பேரில் சீட்டுப் போடுவது பாவம், வேறு வார்த்தை இல்லை. பெண்ணுக்கு வந்த வரனுக்கு அப்பா பூ கேட்பதும் முறையில்லை, முதலில் பெண்ணிடம் கேளுங்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருள் வந்ததாகச் சொன்னால் உடனே அதை ஏற்றுக்கொள்வதில்லை. சாமி முன் பூ கேட்டு, வெள்ளை வந்தால்தான் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், அடுத்த உத்தரவு வரும்வரை இருக்கும். தனி மனிதனின் கனவுக்கு இரண்டாவது சோதனை வைத்த அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். பெட்டியில் தண்ணீர் வைத்தார்கள், பிறகு சுனாமி வந்தது என்று பின்னாலிருந்து இழுத்து முடிச்சுப் போடுவதுதான் பிடிக்காது. கேள்வியும் கெடுவும் இல்லாத பதில் எதனோடும் பொருந்தும். அதற்குத்தான் ஒரு நோட்டு வேண்டும். தேதி, கேள்வி, உங்கள் எதிர்பார்ப்பு, வந்த நிறம், பிரித்தபோது மனசு சொன்னது. ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தில் நடந்ததையும் எழுதுங்கள். பலித்ததுதான் நினைவில் நிற்கும், பலிக்காததை நோட்டுதான் சொல்லும்.

எல்லாம் முடிந்ததும், குழந்தை எடுக்காத பொட்டலத்தையும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். அதிலும் வெள்ளையே இருந்தால் பாட்டியைக் கூப்பிட்டு விசாரியுங்கள். பேத்தி கல்யாணம் என்றால் இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிடும் பாட்டிகள் ஊருக்கு நாலு பேர் உண்டு.