வேப்பங்கிளை நாட்குறிப்பு

பிப்ரவரி 13

மாசி பிறந்துவிட்டது. கணக்குப்படி இன்று முதல் பின்பனி. விடியற்காலையில் மொட்டைமாடித் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது. எட்டு மணிக்கெல்லாம் வெயில் முதுகில் உறைக்கிறது. பனியும் வெயிலும் ஒரே காலையில் அடுத்தடுத்து நிற்பது இந்த மாதத்துக்கே உரிய குணம்.

இந்த ஆண்டு நிறைய பார்க்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே வேப்பமரம், அதிலும் ஒரே கிளை. மாடிச் சுவரைத் தாண்டிக் கண் மட்டத்துக்கு நீண்டிருக்கிறது. அடையாளத்துக்கு ஒரு நீல நூல் கட்டியிருக்கிறேன். மரத்தை முழுசாகப் பார்த்தால் ‘கொஞ்சம் பழுத்திருக்கிறது, கொஞ்சம் பச்சையாக இருக்கிறது’ என்பதோடு கண் திருப்தியடைந்துவிடும். கிளை அப்படி விடாது. நேற்று இருந்த இலை இன்று இல்லையென்றால் இல்லைதான்.

நான் படம் வரைகிறவள், கொஞ்சம் கவிதையும் எழுதுகிறவள். இரண்டுக்குமான பயிற்சியாகவே இதைத் தொடங்குகிறேன். தினமும் ஒரு வரி. வாரத்துக்கு ஓரிரு முறை வண்ணம்.

பிப்ரவரி 21

இலைகள் பழுத்து உதிர்கின்றன. பச்சையம் சிதையும்போது, இத்தனை நாள் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மஞ்சள் புதிதாக வந்து சேர்வதில்லை, முன்பே இருந்ததுதான். இதைத் தெரிந்துகொண்டு வரைவதற்கும் தெரியாமல் வரைவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலில் மஞ்சளை மெல்லப் பூசி, காய்ந்தபின் அதன்மேல் பச்சையை ஏற்றி, ஈரத் தூரிகையால் அங்கங்கே பச்சையை எடுத்துவிட்டேன். இலை செய்வதையே தாளும் செய்தது.

ஒரு நீளத் தாளில் கட்டங்கள் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிளையில் எந்த நிறம் அதிகமோ அதைக் கலந்து ஒரு கட்டம் நிரப்புவேன். கீழே தேதி மட்டும். உருவம் எதுவும் வேண்டாம்.

மார்ச் 3

நூல் கட்டிய இடத்துக்கு மேலே தளிர்! செம்பு நிறம். தொட்டால் ஈரத்துணி மாதிரித் துவள்கிறது. எல்லாம் கீழ்நோக்கித் தொங்குகின்றன.

இளந்தளிர் சிவப்பாக இருப்பதற்கு அந்தோசயனின் என்ற நிறமி காரணம். பச்சையம் முழுதாக உருவாகும் முன் கடும் வெளிச்சத்திலிருந்து இலையைக் காக்கவே அது இருக்கிறது என்பது ஒரு விளக்கம். இலை தின்னும் பூச்சிகளின் கண்ணுக்குத் தப்பவைக்கிறது என்பது இன்னொன்று. எனக்கு இன்று முக்கியமாகப்பட்டது வேறு: காலை ஆறரைக்குப் பார்த்த தளிரும் ஏழு மணிக்குப் பார்த்த தளிரும் ஒரே நிறம் இல்லை. வெயில் பின்னாலிருந்து ஊடுருவியதும் செம்பு போய் ஒயின் சிவப்பாகிவிட்டது. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்போடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் கிட்டத்தட்ட வருகிறது. பச்சையை ஒரு துளிகூடத் தொடவில்லை. வேப்பிலைக்குப் பச்சை இல்லாமல் ஒரு படம்.

மார்ச் 9

விடியும் முன், நல்ல இருட்டில், குயில். இந்தப் பருவத்தில் நான் கேட்ட முதல் குரல். ‘கூ... ஊ’ என்று ஒவ்வொரு கூவலிலும் சுதி ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. கூவுவது ஆண். பெட்டையின் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று படபடக்கும், அது இன்னும் கேட்கவில்லை.

‘முதல்’ என்று தேதி போட்டு எழுதுவதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் இப்படித்தான் தொடங்கினார். முதல் தவளைக் குரல், முதல் தகைவிலான் குருவி, ஓக் மரம் துளிர்த்த நாள். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதாகப் பூத்த நாட்களின் பதிவு 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. பிரபுக்களும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலிருந்து திரட்டியது. 2021-இல் மார்ச் 26 அன்றே அங்கே பூ உச்சத்தைத் தொட்டது. அதுவரையிலான 1,200 ஆண்டுப் பதிவில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. பூமி சூடாவதற்கு இன்று சான்றாகக் காட்டப்படும் வரிகள் இவை. எழுதியவர்களுக்கு அது பூ பார்க்கப் போன ஒரு நாள், அவ்வளவுதான். அழகுக்காக எழுதினார்கள், ஆனால் தேதியை விடவில்லை. அந்தத் தேதியை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மார்ச் 14

மாற்றம் இல்லை. மொட்டு இல்லை. பெட்டைக் குயில் இல்லை.

இதையும் எழுதத்தான் வேண்டும். ‘இன்னும் இல்லை’ என்று முந்தின நாள் எழுதியிருந்தால்தான் மறுநாள் பார்க்கும் மொட்டு ‘அந்த நாளின் மொட்டு’ ஆகும். இல்லாவிட்டால் அது எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 21

சம இரவு நாள், பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. கிழக்கே தண்ணீர்த்தொட்டிக்கும் ஒரு கோபுரக் கம்பிக்கும் நடுவில் சூரியன் எழுகிறது. இந்த வாரம் முழுவதும் பென்சிலால் அடிவானத்தை வரைந்து, சூரியன் எழும் இடத்தில் தினமும் ஒரு புள்ளி வைத்தேன். மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான் இந்த இடமாற்றம் மிக வேகம். இப்போது சூரியன் ஒரு நாளில் தன் அகலத்தில் முக்கால் பங்கு வடக்கே நகர்கிறது. தாளில் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. பருவம் ‘மெதுவாக’ மாறுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். எல்லா மாதத்துக்கும் அது பொருந்தாது.

தளிர் இப்போது பச்சைக்குத் திரும்புகிறது. நுனியில் மட்டும் சிவப்பு.

மார்ச் 30

வேம்பு பூத்துவிட்டது. பகலில் பக்கத்தில் நின்றால்தான் மணம் தெரிகிறது. மாலையில் மாடிப்படியிலேயே வந்து எதிர்கொள்கிறது. பூவை வரைந்துவிடலாம், வெள்ளையாக ஐந்து இதழ், நடுவில் சின்னக் குழல். மணத்தை எப்படி எழுதுவது? தேன் போல என்று எழுதி அடித்தேன். வேறொன்றை ஒப்பிடாமல், அந்த மணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் எழுதினேன்: ‘படியின் வளைவில் தொடங்குகிறது. மேலே வந்து காற்றுக்கு முதுகு காட்டினால் காணோம். திரும்பினால் இருக்கிறது.’ இதில் ஒரு கவிதைக்கான விதை இருக்கிறது. அவசரப்படுத்தப்போவதில்லை.

ஏப்ரல் 15

சித்திரை. இளவேனில். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள், ஒவ்வொன்றும் இரண்டு மாதம். ஒரு நாளையும் வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறாக்கினார்கள். பெரும்பொழுதுக்கும் சிறுபொழுதுக்கும் நடுவில் எனக்கு இன்னோர் அளவு தேவைப்படுகிறது, ஒரு கைக்குள் அடங்கும் சில நாட்கள்.

சீனாவில் அப்படி ஒன்று இருந்தது. ஆண்டை 24 பருவக் கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்து, 72 குறும்பருவங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நாள், ஒவ்வொன்றுக்கும் பெயராக ஒரு வாக்கியம். அது ஜப்பானுக்குப் போனது. 1685-இல் ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியலாளர் அந்தப் பெயர்களைத் தன் நாட்டுப் பருவநிலைக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். அவர் செய்த இந்தக் காரியம்தான் எனக்கு மிகப் பிடித்தது. இன்னொரு நிலத்தின் பூவும் பறவையும் எவ்வளவு அழகான வாக்கியமாக இருந்தாலும், தன் சன்னலுக்கு வெளியே அது நடக்கவில்லையென்றால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

சரி, நானும் என் கிளையைச் சுற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். பழைய வரிகளைப் புரட்டியபோது பெயர்கள் தாமாகவே கிடைத்தன:

தளிர் துவண்டு தொங்கும் நாட்கள்.
குயில் இருட்டில் மட்டும் கூவும் நாட்கள்.
வேப்பம்பூ படியில் கிடக்கும் நாட்கள்.
காகம் கம்பி பொறுக்கும் நாட்கள்.

இன்று நடப்பது கடைசியில் சொன்னது. காலையில் ஒரு காகம் துணிக்கொடியின் அறுந்த கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தது. காகம் கூடு கட்டினால் குயிலுக்கும் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டைக் குயிலின் குரலும் இன்று கேட்டது. இரண்டும் ஒரே நாள் வரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான் சேர்த்துவைத்த உவமை இல்லை அது, நாளே சேர்த்துக் கொடுத்தது.

பெயர் வைக்கும்போது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். வாக்கியத்தில் ஒரு வினை இருந்தாக வேண்டும். ‘அழகிய வசந்தம்’ என்பதை நாட்காட்டி அச்சடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு எது உதிர்ந்தது, எது பொறுக்கியது, எது நின்றது என்று தெரிந்தால் போதும்.

ஏப்ரல் 24

நிழலில்லா நாள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் வசிக்கும் எல்லோருக்கும் ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. தேதி அவரவர் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. கடிகாரத்தின் பன்னிரண்டுக்கே அது நடக்க வேண்டும் என்பதில்லை, சில நிமிடம் முன்பின்னாக இருக்கும்.

மாடியில் ஒரு கண்ணாடி டம்ளரையும் தூரிகைக் குவளையையும் நிற்கவைத்துக் காத்திருந்தேன். நிழல் குவளையின் அடிக்குள் போய்விட்டது. கண்ணாடிக்குக் கீழே ஓர் ஒளி வளையம் மட்டும். அந்த ஒரு நிமிடம் பொருள்களுக்குப் பக்கவாட்டே இல்லாமல் போனதாகப்பட்டது. நிழலை வைத்துத்தானே கனம் காட்டி வரைகிறோம்? நிழல் இல்லாத குவளையை வரைவது இந்த மாதத்தின் மிகக் கடினமான பயிற்சி.

நாளை முதல் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆகஸ்டில் சூரியன் மறுபடி உச்சியைக் கடக்கும்வரை அப்படித்தான். சுவரில் செடித்தொட்டியின் நிழல் இதுவரை விழாத பக்கம் விழப்போகிறது.

மே 8

இரவு எட்டரை. மேற்கே திருவாதிரை தாழ்கிறது, தென்கிழக்கே கேட்டை எழுகிறது. இரண்டும் செந்நிற விண்மீன்கள். கார்த்திகைக் கூட்டம் அந்தி வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. ஜூனில் விடியற்காலையில் கிழக்கே தேட வேண்டும்.

மே 12

சரக்கொன்றை. தெருமுனை மரம், என் கிளை இல்லை, ஆனாலும் விட முடியவில்லை. தொங்கும் கொத்தில் காம்புப் பக்கம் முதலில் மலர்கிறது, நுனியில் இன்னும் மொட்டு. ஆக மேலிருந்து கீழே போகப்போக நேரம் பின்னோக்கிப் போகிறது: விரிந்த பூ, பாதி விரிந்தது, மொட்டு, பச்சைமணி. போன ஆண்டுக் காய்கள் கறுத்து நீளமாக அதே மரத்தில் தொங்குகின்றன. ஒரே படத்தில் ஒரு முழு ஆண்டு.

மே 20

கோடை மழை. முதல் சொட்டுகள் விழும்போதே மண்வாசம் வந்துவிட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அந்த வாசத்தில் முக்கியமானது. மிகமிகக் குறைந்த அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். துளி மண்ணில் விழும்போது சின்னக் குமிழ்கள் கிளம்பி உடைந்து அதைக் காற்றில் தெறிக்கவைக்கின்றன. கனமழையைவிட லேசான தூறலில் இது நன்றாக நடக்குமாம். அதனால் இன்று மழையின் தொடக்கத்தை மட்டும் எழுதினேன்.

இரவு ஈசல். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சில் பார்த்தேன். சிறகு உதிர்த்தவை இரண்டிரண்டாக, ஒன்றன் வால் பின்னால் ஒன்று ஓடுகின்றன. காலையில் சிறகுகளை ஒரு தாளில் ஒட்டித் தேதி எழுதினேன். கட்டத் தாளில் இன்றைக்கு வண்ணத்துக்குப் பதில் அதுதான்.

ஜூன் 18

முதுவேனில். வேப்பம்பழம் மஞ்சளாகிவிட்டது. மைனாக்கள் தின்றுவிட்டுக் கொட்டையைச் சுவரில் போட்டுப் போகின்றன. கீழ்க்கிளையில் ஒரு குயில் குஞ்சு வாய் பிளந்து கத்த, காகம் ஊட்டியது.

கட்டத் தாளை விரித்துப் பார்த்தேன். பழுத்த மஞ்சள், வெறும் சாம்பல், செம்பு, ஒயின், வெளிர்பச்சை, வெள்ளைப்புள்ளி, கரும்பச்சை, மறுபடி மஞ்சள். பிப்ரவரி மஞ்சளும் ஜூன் மஞ்சளும் வேறுவேறு. முன்னது வறண்ட காவி கலந்தது, பின்னதில் பச்சை மிச்சமிருக்கிறது. இனி வேப்பமரத்தை வரையச் சொன்னால், எந்த வாரத்து மரம் என்று கேட்டுத்தான் தூரிகையை எடுப்பேன்.

ஜூன் 23

சூரியன் எழும் இடம் வடகோடியை எட்டிவிட்டது, நகரவே இல்லை. ஒரே புள்ளியின்மேல் புள்ளி வைத்து வைத்துத் தாள் கறுத்துவிட்டது.

தோழி போனில் கேட்டாள்: “நான் இருப்பது ஒன்பதாவது மாடி. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லை. நான் எதைப் பார்ப்பேன், சொல்லு?”

சொன்னேன். உன் வீட்டுக்குள் வரும் வெயில் தரையில் எங்கே விழுகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போடு. அடுத்த வாரம் அதே நேரத்தில் இன்னொரு கோடு. துவைத்த துணி காய எவ்வளவு நேரமாகிறது என்று எழுது. காற்று எந்தச் சன்னலைச் சாத்துகிறது என்று பார், அது மாறும். ராத்திரி விளக்குக்கு என்ன பூச்சி வருகிறது, எது வருவதை நிறுத்திவிட்டது என்று பார். பல்லிக்கு அது உன்னைவிட நன்றாகத் தெரியும். குழாய்த் தண்ணீர் காலையில் கையில் எப்படிப் படுகிறது என்று கவனி. சுவர் வெடிப்பில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடு, ஒன்பதாவது மாடிக்கும் அரசங்கன்று வந்துவிடும்.

“இதில் எதை எழுதுவது?”

“ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள். தேதி போடு, நேரம் போடு. என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியம், வினையோடு. என்ன இன்னும் வரவில்லை என்று இன்னொரு வாக்கியம். பிறகு படமோ பாட்டோ, உனக்கு எது வருமோ அது.”

வெயில் கோட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இந்த வாரம் அது அசையாது, ஜூலை நடுவில் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.