அண்ணா என்று கூப்பிடாத நாள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒருவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன். எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று உட்கார்ந்தேன். அடங்குகிற மாதிரி இல்லை.

மாதாந்திரக் கூட்டம். நான் மேனேஜர் ஆன பிறகு நடத்தும் இரண்டாவது கூட்டம் இது. இயக்குநர் வந்திருந்தார், கூடவே வெளியிலிருந்து ஒரு விருந்தினர். அந்த அறையில் புரொஜெக்டர், மைக் எல்லாவற்றையும் போட்டுத் தருபவர் ஓர் ஒப்பந்த ஊழியர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இரண்டாவது வரைபடம் திரையில் வந்தபோது என் பக்கம் குனிந்து, "மேடம், ஏப்ரல் ரெண்டு தடவை இருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அறை அமைதியாக இருந்ததால் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கேபிளை மட்டும் பாருங்க" என்றேன். விருந்தினர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

அவர் சொன்னது சரி. ஏப்ரல் இரண்டு முறை இருந்தது, மார்ச் இல்லை.

ஜூன் 4, புதன்

தூக்கம் வராமல் ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் 'மேல்கோட்டு' கதையை எடுத்தேன். 1842-இல் வெளிவந்தது. கல்லூரிக் காலத்தில் இதைப் படித்து, கதை நாயகன் அக்காக்கி அக்காக்கியெவிச்சுக்காக அழுதிருக்கிறேன். ரஷ்யாவில் பீட்டர் பேரரசர் 1722-இல் கொண்டுவந்த பதவி அட்டவணையில் 14 படிகள். அக்காக்கி ஒன்பதாவது படியில் இருக்கும் குமாஸ்தா. காகிதங்களை நகல் எடுப்பது அவர் வேலை. அந்த வேலையை அவர் நேசித்தார் என்பதைச் சக ஊழியர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் தலையில் காகிதத் துண்டுகளைத் தூவி விளையாடினார்கள்.

இந்த முறை என் கண் அவர் மேல் நிற்கவில்லை. கோகோல் 'முக்கியஸ்தர்' என்று அழைக்கும் அதிகாரி மேல் போய் நின்றது. அவர் சமீபத்தில்தான் முக்கியஸ்தர் ஆனவர். தனக்குச் சமமானவர்களோடு இருக்கும்போது நல்ல மனிதர். ஒரு படி கீழே உள்ளவர் வந்துவிட்டால் போதும், எப்படிப் பேசுவது என்றே தெரியாது. திருடுபோன கோட்டுக்காக உதவி கேட்டு அக்காக்கி வரும் நேரத்தில், முக்கியஸ்தரின் அறையில் ஒரு பழைய நண்பர் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் தனக்காக எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கிறார்கள் என்று நண்பருக்குக் காட்டவே அக்காக்கியை வெளியே நிற்க வைக்கிறார். உள்ளே விட்டதும், யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்று கத்துகிறார். கத்திவிட்டு ஓரக்கண்ணால் நண்பரைப் பார்க்கிறார்.

அந்த ஓரக்கண் பார்வை வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நேற்று நானும் விருந்தினரைத்தான் பார்த்தேன். அக்காக்கி மேல் அந்த அதிகாரிக்குக் கோபமே இல்லை. புதிதாகக் கிடைத்த நாற்காலி நிஜம்தானா என்று அவருக்குச் சந்தேகம், அதற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

பின்னால் அவருக்கு மனம் உறுத்துகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பி விசாரிக்கிறார். அதற்குள் அக்காக்கி காய்ச்சலில் இறந்துபோயிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

கூட்ட அறைக்குப் போனேன். வேறு ஒரு பையன் இருந்தான். "அவரை நாலாவது மாடிக்கு மாத்திட்டாங்க மேடம்" என்றான். யார் மாற்றியது, எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்று இப்போதுதான் உறைத்தது. இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டேன். பதவி வந்த பிறகு யாரும் சொல்லாமலே அந்த வார்த்தை நின்றுவிட்டது. 'ஹலோ', 'இங்க பாருங்க' என்று ஆகிவிட்டது. நம் மொழியில் ஒருவரை எந்தப் படியில் வைத்திருக்கிறோம் என்பதை ஒளிக்கவே முடியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். என் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்தவர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகவே போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அப்பா என்ன செய்கிறார் என்று ஒருத்தி கேட்டாள். "இன்ஜினியரிங் லைன்" என்றேன். அவள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு வார்த்தையை நான் பதினோரு வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1860 டிசம்பரில் தொடராக வெளியிட ஆரம்பித்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், கொல்லர் ஜோ, தான் வளர்த்த பிப்பைப் பார்க்க லண்டன் வருகிறார். பிப் இப்போது கனவான். ஜோவுக்குத் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் 'பிப்' என்கிறார், அடுத்ததில் 'சார்' என்கிறார். பணம் கொடுத்து அவரை வரவிடாமல் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்கிறான். நண்பன் ஹெர்பர்ட் ஜோவைப் பார்ப்பதில் பிப்புக்குப் பெரிய கூச்சம் இல்லை. அவன் பயந்தது, கூடப் படிக்கும் டிரம்மில் என்பவன் பார்த்துவிடுவானோ என்றுதான். டிரம்மிலை அவனுக்குத் துளியும் பிடிக்காது. யாரை மதிக்கவே மாட்டோமோ அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, உயிருக்கு நெருக்கமானவர்களை ஒளித்து வைக்கிறோம். அந்த விருந்தினரின் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை.

டிக்கன்ஸுக்கு இது உள்ளே தெரிந்த வலி. 1824-இல், 12 வயதில், ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். உலகப் புகழ் வந்த பிறகும் சொந்தப் பிள்ளைகளிடம்கூட அதைச் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. ஏழைகளுக்காக அவ்வளவு எழுதிய மனிதராலேயே அந்த ஒரு வரியைச் சொல்ல முடியவில்லை என்றால், வெட்கம் எவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்!

ராத்திரி அப்பாவுக்கு போன் செய்தேன். ஒன்றும் சொல்லவில்லை. லேத்தில் ஒரு நாளைக்கு எத்தனை துண்டு கடைவீர்கள் என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

ஜூன் 9, திங்கள்

மதிய இடைவேளையில் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடம் செய்த வைட்ஹால் ஆய்வைப் பற்றிப் படித்தேன். முதல் ஆய்வு 1967-இல் தொடங்கியது, சுமார் 18,000 ஆண்கள். கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது உச்சப் பதவியில் இருந்தவர்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம் போன்றவை அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையில் தனக்கு அதிகாரம் குறைவாக இருக்கும் நிலைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் இருந்தவர்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த நிரந்தரமும் இல்லாதவர்களுக்கு அடையாள அட்டையின் நாடாவே வேறு நிறம். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

'பிறப்பொக்கும்' குறளையும் எடுத்துப் பார்த்தேன். பள்ளியில் முதல் பாதியை மட்டும் உரக்கச் சொல்வோம். 'சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்' என்ற மறுபாதி எனக்கு எப்போதும் நெருடும். தொழிலில் உயர்வு தாழ்வு உண்டு என்று படித்தவர்கள் உரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த குறளே, மேலே இருந்தாலும் மேன்மை இல்லாதவர் மேலானவர் இல்லை என்கிறதே. அப்படியானால் 'செய்தொழில்' என்பது எந்த வேலை என்பதா, அதை எப்படிச் செய்கிறோம் என்பதா? நான் இரண்டாவதாகத்தான் படிக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றோடு ஒரு வாரம். காலையில் முதல் வேலையாக நாலாவது மாடிக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"சரி மேடம்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமை இல்லை.

திரும்பலாம் என்று இரண்டடி வைத்தேன். "மேடம், அஞ்சாவது படத்துலயும் ஒரு தப்பு இருந்துச்சு. மொத்தம் கூட்டினதுல போன மாசத்து எண் அப்படியே கிடக்கு" என்றார்.

ஆறு வருடமாக ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் அறையின் பின்னால் நின்று எங்கள் எண்களைப் பார்க்கிறவர். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பதில் நான்தான்.

லேப்டாப்பைத் திறந்தேன், இடத்தைக் காட்டினார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. அந்த அறிக்கை ஏற்கெனவே எல்லாத் துறைகளுக்கும் போய்விட்டது. திருத்தம் அனுப்பும்போது இதைக் கண்டுபிடித்தவர் நீங்கள் என்று எழுதுகிறேன் என்றேன்.

அவசரமாகத் தலையை ஆட்டினார். "வேணாம் மேடம், என் பேரைப் போடாதீங்க. உனக்கு அங்க என்ன வேலைன்னு எங்க சூப்பர்வைசர் கேப்பாரு."

மின்னஞ்சல் இன்னும் அனுப்பாமல் இருக்கிறது. முதலில் அந்த சூப்பர்வைசரைப் பார்த்துப் பேச வேண்டும்.