கையால் தீட்டிய நகல்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஜப்பானின் நாகோயாவில் புதுவீடு பார்த்திருக்கும் தோழி ஒருத்தி, கூடத்துச் சுவருக்கு ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பெரிய அலை’ படத்தின் நகலை வாங்கலாமா என்று கேட்டாள். நான்கடி அகலம், கான்வாஸில் எண்ணெய்ச் சாயம், முழுக்கக் கையால் தீட்டியது என்று இணையத்தில் விளம்பரம். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஜப்பானிய ஓவிய நகல்களை வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த அலை தூரிகையால் தீட்டிய ஓவியம் அல்ல, அச்சு. 1831 வாக்கில் மரப்பலகைகளில் செதுக்கி, நிறம் நிறமாகக் காகிதத்தில் ஒற்றி எடுத்தது. ஏறத்தாழ 25க்கு 37 சென்டிமீட்டர்தான். கையில் பிடித்துப் பார்ப்பதற்கான தாள். அதிலுள்ள கோடு உளியின் கோடு. நீலம் காகித நாருக்குள் இறங்கி நிற்கும் நீலம். எண்ணெய்ச் சாயத்தில் நான்கடிக்குப் பெருக்கும்போது இரண்டும் போய்விடுகின்றன. அலைதான் வேண்டுமென்றால், டோக்கியோவில் அடாச்சி நிறுவனத்தார் இன்றும் பலகையைப் புதிதாகச் செதுக்கி, பழைய முறையிலேயே அச்சிடுகிறார்கள். அதை வாங்குங்கள், அலைக்கு நியாயம் செய்யும் நகல் அதுதான்.

கையால் தீட்டிய நகல் வேண்டுமானால், மூலத்திலேயே கையால் தீட்டப்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மடக்குத் திரைகள், தொங்கு சுருள்கள், அரண்மனைகளின் தள்ளுகதவு ஓவியங்கள். இவற்றை நகலெடுப்பது ஒன்றும் தரக்குறைவான காரியம் அல்ல, பெரிய ஓவியர்களே செய்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் தவாராயா சோதாட்சு வரைந்த காற்றுத் தெய்வம், இடித் தெய்வம் மடக்குத் திரைகள் கியோட்டோவின் கென்னின்-ஜி கோவிலுக்கு உரியவை. பின்னாளில் ஒகாதா கோரின் என்ற ஓவியர் அவற்றை ஏறக்குறைய கோடு பிசகாமல் நகலெடுத்தார். ஆனால் சோதாட்சுவின் திரையில் இடித் தெய்வத்தின் முரசுகள் மேல் விளிம்பில் வெட்டுப்படும். கோரின் அவற்றை முழுதாக உள்ளே கொண்டுவந்தார். இரு தெய்வங்களின் பார்வையையும் ஒன்றையொன்று சந்திக்க வைத்தார். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து சகாய் ஹோயிட்சு, கோரினின் திரையைப் பார்த்து இன்னொன்று வரைந்தார். அதோடு நிற்கவில்லை. கோரின் திரையின் பின்புறத்திலேயே வெள்ளி ரேக்கின் மேல் இரண்டு காட்சிகளைத் தீட்டினார்: இடித் தெய்வத்தின் முதுகுப்பக்கம் மழையில் நனைந்து தலைகவிழ்ந்த கோடைப் புற்கள், காற்றுத் தெய்வத்தின் முதுகுப்பக்கம் காற்றில் அலைபாயும் இலையுதிர்காலப் புற்கள். முன்னால் தெய்வங்கள் வானத்தில் செய்வது, பின்னால் பூமியில் தெரிகிறது. முன்னோரை நகலெடுத்த கைக்குத்தான் இப்படிப்பட்ட பதில் தோன்றும் என்று நான் நம்புகிறேன். பாதுகாப்புக்காக இப்போது இரு பக்கங்களையும் பிரித்து, டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தனித்தனித் திரைகளாக வைத்திருக்கிறார்கள்.

கையால் தீட்டிய நகலுக்கு விலை ஏன் அவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு, நான் போகும் ஓவிய வகுப்பை ஒருமுறை காட்ட ஆசை. எங்கள் சென்செய் (ஆசிரியர்) முதலில் தூரிகையைத் தரமாட்டார். பசை காய்ச்சச் சொல்வார். விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை, நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த இனம். கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். அந்தப் பசையோடு படிகாரம் கலந்து காகிதத்தில் பூசினால்தான் சாயம் ஊறிப் பரவாமல் நிற்கும். வெள்ளை நிறம் சிப்பி ஓட்டுத் தூள். பசை விட்டு, இடியாப்ப மாவுபோலப் பிசைந்து உருட்டி, பீங்கான் தட்டில் திரும்பத் திரும்ப அடித்த பிறகே வெந்நீரில் கரைக்க வேண்டும். நீலம் அசுரைட் என்ற செம்புத் தாதுக் கல், பச்சை மலகைட். பரல் பெரிதாக இருந்தால் நிறம் அடர்த்தி. நுணுக நுணுக வெளிறும். கடையில் எண் போட்டு விற்கிறார்கள், எண் ஏற ஏறத் தூள் நுண்மையாகும். கல் கனமானதால் தட்டின் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் விரலால் கலக்கிவிட்டே தூரிகையில் எடுக்க வேண்டும்.

டோக்கியோ நெசு அருங்காட்சியகத்தில் கோரின் வரைந்த ஐரிஸ் பூக்கள் திரையைப் பார்த்தால் இதெல்லாம் எதற்கு என்று புரிந்துவிடும். தங்க ரேக்கு, நீலம், பச்சை, அவ்வளவுதான். எல்லைக்கோடு கிடையாது. நீலம் மணல் மணலாக எழும்பி நிற்கிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் பரல்கள் மினுங்குகின்றன. புகைப்பட அச்சு எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த மினுக்கம் அதில் வராது. ஒரே பூங்கொத்து வேறோர் இடத்தில் மறுபடி வருவதையும் கவனிக்கலாம். துணியில் வடிவம் போடுவதுபோல, உருவம் வெட்டிய தாளை வைத்துச் செய்திருக்கிறார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோரின் கியோட்டோவில் கிமோனோ துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

வாங்குமுன் தீர்மானிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மங்கலும் உதிர்வும் கறையும் சேர்த்து இன்றிருக்கும் நிலையை அப்படியே தீட்டுவது ஒரு வகை. தீட்டிய நாளில் இருந்த நிலைக்கு மீட்டுத் தீட்டுவது மற்றொரு வகை. வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். செயற்கையாகப் பழுப்பேற்றிய நகல் எனக்குப் பொய்யாகவே படுகிறது. இந்த இரண்டாம் வகையைப் பார்க்க நாகோயா கோட்டையின் ஹொம்மாரு அரண்மனையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1945 வான்தாக்குதலில் அரண்மனை எரிந்தது. கழற்றி அப்புறப்படுத்தியிருந்த கதவோவியங்கள் பிழைத்தன. 2009இல் தொடங்கி 2018இல் முடிந்த மறுகட்டுமானத்தில், அவற்றைப் பழைய பொருள்களாலேயே கையால் நகலெடுத்து மாட்டியிருக்கிறார்கள். நுழைவறையில் மூங்கில் காட்டுக்குள் புலிகளும் சிறுத்தைகளும் சேர்ந்து திரிகின்றன. சிறுத்தை பெண்புலி என்று அக்காலத்தில் எண்ணியிருந்தார்கள். தங்கம் கண்ணைக் கூசவைக்கும். சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தப் பளபளப்பு மிகவும் பிடிக்கும், அரண்மனை கட்டி முடிந்த 1615இல் விருந்தாளியாக உள்ளே வந்தவர் பார்த்தது அதைத்தானே.