சீம்பாலுக்குக் கொடி விழக் காத்திருக்கவில்லை

மாடு ஈனுவதில் நாம் செய்ய அதிகம் ஒன்றுமில்லை. முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்தால் கன்னு நேராக வருகிறது, கிட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும். நமக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருப்பது இரண்டே மாடு, இரண்டும் ஜெர்சி கலப்பு. மூத்தது இந்த மார்கழியில் விடியக்காலையில் கிடேரிக் கன்னு போட்டது. (காளைக்கன்னாக இருந்திருந்தால் வீட்டில் இத்தனை பேர் தூக்கம் விட்டு நின்றிருப்பார்களா தெரியாது.) மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை வழித்துவிட்டு, வைக்கோல் துரும்பை மூக்குக்குள் லேசாக விட்டதும் தும்மியது. தாய் நக்கட்டும் என்று முன்னால் போட்டோம். பனி கொட்டுகிற நேரம் என்பதால் நாங்களும் சாக்கால் தேய்த்தோம். தொப்புள்கொடியை உடம்பிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, சின்னக் கிண்ணத்தில் டிங்சர் அயோடின் ஊற்றி அதிலேயே முக்கி எடுத்தேன். தொப்புள் காயும் வரை காலை மாலை இதே வேலை. அந்த ஓட்டை வழியாகக் கிருமி போனால் பின்னால் மூட்டு வீங்கிக் கன்னு நடக்காமல் படுத்துவிடும்.

சிக்கல் சீம்பாலில் வந்தது. கன்னு எழுந்து நிற்கப் பார்க்கிறது, பின்னங்கால் மடங்குகிறது. நான் சொம்பை எடுத்துக்கொண்டு மடிப்பக்கம் உட்கார்ந்தேன்.

"கொடி விழுகாம மடியில கைய வெக்கக் கூடாது அம்மிணி" என்றார் அத்தை. கொடி என்றால் கன்னு வந்தபின் விழுகிற நஞ்சுக்கொடி.

"கன்னு ஊட்டினா கொடி சீக்கிரம் விழுந்துருமுங்கத்தை. டாக்டரும் அதத்தானுங்க சொன்னாரு."

அத்தை சொன்னது அவர் மாமியார் சொன்னது. ஆனால் கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரை கன்னு பட்டினி கிடந்தால் பிற்பாடு எவ்வளவு கொடுத்தும் ஈடாகாது. மாட்டின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சத்து கன்னுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வந்தாக வேண்டும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் சில மணி நேரம்தான். போகப் போகக் குறைந்து, ஒரு நாளில் அந்த வழி அடைத்துக்கொள்ளும். மடியில் வாய் படும்போது சுரக்கிற சுரப்புநீரே கருப்பையையும் சுருங்க வைக்கும் என்பதால் மாட்டுக்கும் நல்லதுதான். அத்தை சமாதானமாகவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

காம்பை வெந்நீரில் துடைத்து, முதல் பீச்சைக் கீழே விட்டுவிட்டுக் கறந்தேன். சீம்பால் மஞ்சளாக, பிசினாக, சொம்பில் சத்தமில்லாமல் இறங்கும். மூங்கில் குழாயில் ஊற்றித் தலையை அண்ணாத்திப் புகட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். சப்பத் தெம்பில்லாத கன்னுக்கு அது ஆபத்து, பால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் ரப்பர் காம்பு வைத்த பாட்டில். முதலில் கன்னு வாயையே திறக்கவில்லை. சீம்பாலில் நனைத்த இரண்டு விரலை நாக்கின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் நாக்கு விரலைச் சுற்றி மடங்கியது, அண்ணத்தோடு சேர்த்து ஒரு இழுப்பு. அந்த இழுப்பு வந்ததும் விரலுக்குப் பதில் காம்பு. வீட்டுக்காரர் கன்னைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, தன் எடையைக் கழித்தார்: 23 கிலோ. எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. இரண்டேகால் லிட்டரை நாலு வேளையாகப் பிரித்து இரவுக்குள் கொடுத்து முடித்தோம். கொடி உச்சிக்கு முன்னாலேயே விழுந்தது. அத்தை அதை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடச் சொன்னார். அதில் நான் தலையிடவில்லை.

சீம்பால் கேட்டுச் சொம்போடு வந்தவர்களுக்கு மறுநாள்தான் கிடைத்தது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தால் எப்படிக் கட்டியாகிறதோ, கன்னுக்கென்று அடுப்பில் காய்ச்சினாலும் அப்படித்தான் கட்டியாகும், சத்தும் போகும். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி இளக்கினால் போதும்.

ஒரு வாரம் போனபின் வெள்ளைக் கழிச்சல் பிடித்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது, கண்ணும் உள்ளே போயிருந்தது. பாலை நிறுத்துங்கள் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்குக் கூப்பிட்டோம். வந்த டாக்டர் பாலை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும், இரண்டு வேளைக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். கரைசல் தனியாகக் கொடுக்கவும் சொல்லி, ஊசியும் போட்டார். ஈரத் தரையை மாற்றச் சொன்னது முக்கியம். சாணம் கெட்டியாகும் வரை தினம் சாம்பல் தூவி, காய்ந்த வைக்கோல் மாற்றினோம்.

பத்தாம் நாள் வாக்கில் முதல் குடற்புழு மருந்து. புல்லே தின்னாத கன்னுக்குப் புழு எப்படி என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒரு வகை உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடுமாம். இனி ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. கொம்புக் குருத்தையும் அந்த வாரமே டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டுவிட்டார்.

இப்போது கன்றுத் தீவனத்தை ஒரு பிடி வைத்தால் மூக்கைத் தேய்த்துப் பாதியைச் சிந்துகிறது. மண் நக்குவதால் வாய்க்கூடை கட்டியிருக்கிறோம். சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலில் கன்னு குடிப்பது போக மிச்சம்தான் போகிறது. பால் சீட்டைப் பார்த்துவிட்டு அத்தை முணுமுணுப்பதும் நிற்கவில்லை. சின்ன மாடு மாசியில் ஈனும். அதற்கும் சொம்பை முதலிலேயே எடுப்பாயா என்று கேட்டார். எடுப்பேனுங்கத்தை என்றேன்.