ஒன்பது பத்துக்கும் பத்து ஐம்பதுக்கும் நடுவே

பாய்ப்படகு ஓட்டச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை என்று ராயபுரத்தில் சொன்னால் சிரிப்பார்கள். "கடலுக்குப் போறவன் ஊட்டுப் புள்ளைக்கே யாரும் கிளாஸ் எடுக்கல, நீ யாருக்குடா எடுக்குற?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா இன்றைக்கும் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். நான் மீனவர் வீட்டுப் பையன்கூட இல்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், அவ்வளவுதான். அதன் மேல் போனது முப்பது வயதுக்குப் பிறகு.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஓஎம்ஆர் பக்கத்து ஐடி ஆட்கள். நடுநடுவே ஒரு பல் மருத்துவர், ஒரு ஆடிட்டர். சனி, ஞாயிறுதான் எங்களுக்குக் கூட்டம். யாட் என்றதும் சினிமாவில் வரும் வெள்ளை மாளிகைப் படகை நினைத்துக்கொண்டு வருவார்கள். எங்களுடையது எட்டு மீட்டர் நீளம், ஒரு பாய்மரம், இரண்டு பாய், ஆத்திர அவசரத்துக்கு ஒரு சின்ன டீசல் இன்ஜின். அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் வாடும். அப்புறம் பாய் காற்றைப் பிடித்துப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்ததும் அந்த வாட்டம் எங்கே போனது என்று தெரியாது.

எனக்குக் கற்றுத் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சரக்குக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற கேப்டன் சார். இன்னொருவர் படகைப் பராமரிக்க வந்த பெரியவர். குப்பத்துக்காரர், எல்லாருக்கும் நைனா. பாயை ஏற்றும் கயிற்றைக் கேப்டன் சார் "ஹாலியார்ட்" என்றால் நைனா "ஆஞ்சான்" என்பார். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை அவர் "ஷீட்" என்றால் இவர் "தாமான்" என்பார். கேப்டன் சார் காற்றின் திசையைப் பாகையில் சொல்வார். நைனாவுக்கு அது வாடை, கொண்டல், கச்சான். இருவரும் ஒரே படகில் இருக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

முதல் பாடம் கரையில், மேசை மேல் விரித்த சார்ட்டில் நடந்தது. டேராடூனில் இருக்கிற தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் சார்ட். கடல் இருக்கும் நாட்டில் கடல் வரைபடம் மலையடிவாரத்தில் இருந்து வருகிறதே என்று நான் சொன்னதற்கு கேப்டன் சார் சிரிக்கவில்லை. டிவைடரைக் கையில் கொடுத்து, கலங்கரை விளக்கத்தில் இருந்து துறைமுக வாய் எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னார். நான் டிவைடரைக் கொண்டுபோய் சார்ட்டின் கீழ் ஓரத்தில் வைத்து எண்ணினேன். தப்பு. கீழே இருப்பது தீர்க்கரேகை. தூரத்தைப் பக்கவாட்டில் இருக்கும் அட்சரேகை அளவில்தான் எடுக்க வேண்டும். அங்கே ஒரு நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னையில் இந்தத் தப்பைச் செய்தாலும் பெரிதாக வெளியே தெரியாது. நாம் 13 பாகை வடக்கில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தீர்க்கரேகை நிமிடம் இங்கே கடல் மைலைவிட நூற்றுக்கு மூன்று பங்குகூடக் குறையாது. இதே தப்பை இங்கிலாந்துப் பக்கம் செய்தால் பத்து மைல் பதினைந்து மைலுக்கு மேல் ஆகிவிடும். "நம்மூர் தப்பை மன்னிக்கிற ஊரு. அதனாலதான் இங்க கத்துக்கிறவனுக்குத் தப்பு ஒட்டிக்கும்" என்றார் கேப்டன் சார். இப்போது என் வகுப்பிலும் முதல் நாள் பாதிப் பேர் கீழ் ஓரத்துக்குத்தான் போகிறார்கள்.

அடுத்தது, எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. கையில் பிடிக்கும் காம்பஸ் வழியாகக் கரையில் தெரியும் ஓர் அடையாளத்தைப் பார்த்துப் பாகையைக் குறிக்க வேண்டும். காம்பஸ் முள் இந்தப் பக்கம் உண்மையான வடக்கில் இருந்து இரண்டு பாகைக்கும் குறைவாகத்தான் விலகுகிறது, அதுவும் நம்மூரின் மன்னிப்பில் சேர்த்தி. சார்ட்டில் அந்த அடையாளத்தில் இருந்து ஒரு கோடு. நாம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறோம். இன்னொரு அடையாளம், இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் நாம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மெரினா கலங்கரை விளக்கத்தையும் சாந்தோம் தேவாலயக் கோபுரத்தையும்தான் எடுப்பார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டை ஒன்று, வெள்ளை வெளேர் என்று இன்னொன்று, கண்ணுக்கு அவைதான் முதலில் படும். ஆனால் இரண்டுக்கும் நடுவே அரை மைல்கூட இல்லை. நாலு மைல் வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒரே கோடு. ஒரு பாகை கை நடுங்கினால் வெட்டும் இடம் பாதி மைலுக்கு மேல் வழுக்கும். வடக்கே வானம் தெளிந்திருந்தால் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும், அதையும் கலங்கரை விளக்கத்தையும் எடுத்தால் கோடுகள் நன்றாகக் குறுக்கே வெட்டும்.

மூன்று கோடு போட்டால் ஒரே புள்ளியில் சேராது. சின்ன முக்கோணம் ஒன்று விழும். என்னிடம் வரும் இன்ஜினியர்களுக்கு இந்த முக்கோணம் பிடிப்பதே இல்லை. அழித்து அழித்துப் போட்டுப் புள்ளியாக்கப் பார்ப்பார்கள். முக்கோணத்தை அப்படியே விடுங்கள் என்பேன். உங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதன் அளவு அது. போனில் வரும் நீலப் புள்ளியை விட எனக்கு இந்த முக்கோணத்தின் மேல் மரியாதை அதிகம். ஜிபிஎஸ் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, தினமும் அதைத்தான் பார்க்கிறேன். மே மாத வெயிலில் போன் சூடேறித் தானாக அணைந்துபோவதையும் தினமும் பார்க்கிறேன்.

வேகம் பார்க்க மீட்டர் இருக்கிறது. ஆனால் அதன் சக்கரத்தில் பாசி பிடித்தால் சுற்றாது. நைனாவின் வழி வேறு. மடியில் எப்போதும் வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். படகின் முன்பக்கமான அணியத்தில் நின்று ஒரு தோலைத் தண்ணீரில் போடுவார். அது படகின் பின்பக்கத்தைத் தாண்டும்வரை எண்ணுவார். எட்டு மீட்டர் படகைத் தோல் நாலு விநாடியில் தாண்டினால் விநாடிக்கு இரண்டு மீட்டர், அதாவது ஏறக்குறைய நாலு நாட், மணிக்கு நாலு கடல் மைல். ஆழத்தை அவர் பாகத்தில் சொல்வார், இரண்டு கையையும் விரித்த நீளம். ஆங்கிலேயனின் ஃபேதமும் அதே விரித்த கைதான் என்று கேப்டன் சார் சொன்னபோது நைனாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அவனுக்கும் ரெண்டு கைதானே" என்றார்.

கப்பல்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பாய்ப்படகுக்குத்தான் முதலில் வழி என்று எங்கோ படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. 1972-ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் அப்படி ஒரு வரி இருக்கிறது, விரிந்த கடலில் இன்ஜின் கப்பல் பாய்ப்படகுக்கு விலக வேண்டும். அதே விதிகளில், குறுகிய கால்வாயில் பாய்ப்படகு கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. துறைமுக வாய்க்கு வரும் கண்டெய்னர் கப்பலால் பிரேக் போட முடியாது. அதன் மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் தெரியாமல் இருப்பதைச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. அந்த 500 மீட்டருக்குள் நாம் போனால் மேலே நிற்கும் ஆளுக்கு நாம் இல்லவே இல்லை. ஒரு கப்பல் மோத வருகிறதா என்று பார்க்க எளிய வழி, அதைப் படகின் ஒரு கம்பியோடு நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது. படகும் நேராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். கப்பல் கம்பிக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் சரி. நகராமல் அங்கேயே இருந்து பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அக்னி நட்சத்திர நாட்கள். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் எல்லாம் கட்டிக் கிடந்தன, கடல் காலி. மாணவர்கள் இரண்டு பேர். போர்ட் கண்ட்ரோலை ரேடியோவில் கூப்பிட்டு அனுமதி வாங்கி, காலையிலேயே வெளியே போய்விட்டோம். அன்றைய பாடம் போனை அணைத்துவிட்டு சார்ட்டில் ஓட்டுவது. ஒன்பது பத்துக்குக் கலங்கரை விளக்கத்துக்கு நேர் கிழக்கே நாலு மைலில் ஒரு புள்ளி வைத்து நேரத்தை எழுதினேன். அழகான புள்ளி.

உடனே காற்று நின்றது. நிலக்காற்று அடங்கி, கடல்காற்று இன்னும் கிளம்பாத நேரம். படகு ஆடிக்கொண்டே நின்றது. மாணவர்களில் ஒருவருக்குத் தலை சுற்றி வாந்தி. அவரைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, நேரம் போயே போய்விட்டது. லாக் புக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை. என்ன எழுதுவது, படகுதான் நிற்கிறதே என்று நினைத்தேன். இதற்குள் கரைப் பக்கம் புகைமூட்டம் ஏறி அடையாளம் எதுவும் தெரியாமல் போனது.

பத்து ஐம்பதுக்குத் தென்கிழக்கில் இருந்து கடல்காற்று வந்தது. ஒன்பது பத்துப் புள்ளியில் இருந்தே துறைமுக வாய்க்குக் கோடு போட்டு, வடக்குக்கும் வடமேற்குக்கும் நடுவே திருப்பிவிட்டேன். வழியில் நங்கூரம் போட்டு நிற்கும் இரண்டு சரக்குக் கப்பல்களைத் தாண்டினோம். இரண்டும் மூக்கைத் தெற்கே வைத்து நின்றன. "சூப்பரா இருக்கு சார்" என்று தேறிவந்த மாணவர் போட்டோ எடுக்கப் போனை ஆன் செய்யலாமா என்று கேட்டார். கூடாது என்றேன், வாத்தியார் மிடுக்கோடு.

பன்னிரண்டு மணிக்கு மூட்டத்துக்குள் இருந்து கரை வந்தது. கிரேன் இல்லை, அலைதடுப்புச் சுவர் இல்லை. கரையில் கொட்டிய கருங்கற்கள், கடலுக்குள் நீட்டிய சின்னச் சின்னக் கல் வரிசைகள். ஆழமானி பத்து மீட்டருக்குக் கீழே காட்டியது. கப்பலுக்காகத் தூர்வாரிய வழியில் அந்த ஆழம் இருக்கவே முடியாது. பாயைத் தளர்த்தச் சொல்லிவிட்டு நானே போனை ஆன் செய்தேன். திருவொற்றியூர். துறைமுக வாய்க்கு மூன்று மைல் வடக்கே வந்திருந்தோம்.

நின்ற படகு நிற்கவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு கோடை முழுக்க நம் கரையோர நீரோட்டம் வடக்கே ஓடும், ஐப்பசி கார்த்திகையில்தான் தெற்கே திரும்பும். இது எனக்குத் தெரியும், வகுப்பில் சொல்கிறேன். காற்றில்லாத வேளையில் நங்கூரம் போட்ட கப்பல் நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் என்பதும் தெரியும். தெற்கே மூக்கு என்றால் தண்ணீர் தெற்கில் இருந்து வருகிறது. அப்போதுதான் கிளம்பிய லேசான கடல்காற்று அவ்வளவு பாரக் கப்பலைத் திருப்பியிருக்காது. இரண்டு கப்பல் சொன்னதை நான் காட்சியாகப் பார்த்துக் கடந்துவிட்டேன்.

அந்தக் கல் வரிசைகள் எனக்குப் புதிதல்ல என்பதுதான் இன்னும் வெட்கம். துறைமுகச் சுவர் கட்டிய நாளில் இருந்து தெற்கில் இருந்து வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது. மணல் கிடைக்காத எங்கள் ராயபுரக் கரையையும் அதற்கு வடக்கையும் கடல் அரித்தது. அதைத் தடுக்கத்தான் கற்கள். மணலைத் தள்ளுவது அலை, படகைத் தள்ளியது நீரோட்டம், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் வடக்கே போவது என்றால் என்ன என்று ராயபுரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்ஜினைப் போட்டு நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பி வரும்போது மாணவர்கள் எதுவும் கேட்கவில்லை. மதியம் கரையேறியதும் நைனாவிடம் சொன்னேன். "கப்பலு எங்க பாத்துனு இருந்துச்சு?" என்றார். தெற்கே என்றேன். வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். கேப்டன் சார் மாலையில் லாக் புக்கைப் பார்த்துவிட்டு, ஒன்பது பத்துக்கும் பத்து ஐம்பதுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தைச் சிவப்பு மையில் கட்டம் கட்டினார். அவ்வளவுதான் திட்டு.

அதன் பிறகு காற்று நின்றாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லையென்றால் "தெரியவில்லை" என்று எழுதி நேரம் போடுகிறேன். மாணவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு.

அன்றைய சார்ட்டை நான் அழிக்கவில்லை. ஒன்பது பத்துப் புள்ளியில் இருந்து துறைமுகத்துக்கு ஒரு பென்சில் கோடு, அங்கிருந்து வடக்கே மூன்று மைல் தள்ளிப் பன்னிரண்டு மணிக்கு ஒரு வட்டம். புதிதாக வருகிறவர்கள் இது என்ன சார் என்று கேட்பார்கள். கதையைச் சொல்வதில்லை, கணக்காகக் கொடுத்துவிடுவேன். படகு வடக்கே தள்ளப்பட்ட தூரம் மூன்று மைல், நேரம் 2 மணி 50 நிமிடம், நீரோட்டத்தின் வேகம் என்ன? ஒரு நாட் அளவுக்குச் சற்று மேலே என்று சீக்கிரமே சொல்லிவிடுவார்கள். போன வாரம் வந்த பெண் மட்டும் கணக்கைப் போட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல், "நடுவுல யாருமே எழுதலையா சார்?" என்று கேட்டார்.